பழைய தோல் ஜாக்கெட்டை இணையத்தில் வாங்கும்போது அளவில் நேரும் தவறுகள்

பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்கு நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்த காலத்தில், 280 ரிங்கிட் கொடுத்து இணையத்தில் ஒரு பழைய தோல் ஜாக்கெட் வாங்கினேன். கழுத்தின் உட்புறம் தைத்திருந்த அளவுப் பட்டையில் 42 என்று அச்சிட்டிருந்தது. என் மார்புச் சுற்றளவு 40 அங்குலம் என்பதால் தாராளமாகவே இருக்கும் என்று நினைத்து, விற்றவரிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் பணத்தைக் கட்டினேன். வந்து சேர்ந்ததை அணிந்து கண்ணாடி முன் நின்றபோது குறை எதுவும் தெரியவில்லை. மறுநாள் வண்டியில் உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்ததும் கைமுனை மணிக்கட்டை விட்டு மேலேறியது, தோள்களுக்கு இடையே முதுகு இறுகியது, இடுப்பின் பின்புறம் சட்டை வெளியே தெரிந்தது. 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பாலத்தைக் கடக்கும் வரை காற்று கைக்குள் புகுந்துகொண்டே இருந்தது.

லிட்டில் இந்தியாவில் எனக்குத் தெரிந்த தையற்கார அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் கைமுனையை உட்புறம் திருப்பி, தையல் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, துணியா இருந்தா மடிச்சு வச்சதை இறக்கி விட்டுடலாம். இதுல இறக்க மிச்சமே இல்ல. அப்படியே பிரிச்சாலும் ஊசி போன ஓட்டை வரிசையா நிக்கும், மூடாது" என்றார். பழைய தோல் ஜாக்கெட் வாங்க நினைக்கும் எவரும் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இதுதான். இடுப்புப் பக்கம் தொளதொளவென்று இருந்தால் பக்கத் தையலில் ஓரளவு பிடித்துக் குறைக்கலாம். கை நீளம் கூடுதலாக இருந்தால், முனையில் ஜிப் இல்லாத பட்சத்தில், வெட்டிக் குறைக்கலாம். தோள் அகலத்தைச் சரிசெய்ய வேண்டுமென்றால் கைகளையே கழற்றி மறுபடி பொருத்த வேண்டும். அதற்காகும் கூலியில் இன்னொரு பழைய ஜாக்கெட் வாங்கிவிடலாம். குறைவான நீளத்தைக் கூட்டவோ வழியே இல்லை. ஆகவே தோள், கை, முதுகு நீளம் ஆகிய மூன்றும் சரியாக அமையாத ஜாக்கெட்டை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுவதே நல்லது.

அளவுப் பட்டையில் உள்ள எண்ணை அப்படியே நம்புவதுதான் பெரும்பாலானோர் செய்யும் முதல் தவறு. அமெரிக்க எண் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் குறிக்கிறது. ஐரோப்பிய எண் அதே சுற்றளவின் பாதியைச் சென்டிமீட்டரில் குறிக்கிறது. ஐரோப்பாவின் 50 என்பது 100 சென்டிமீட்டர் மார்பு, அதாவது அமெரிக்காவின் 40. ஐரோப்பிய எண்ணிலிருந்து பத்தைக் கழித்தால் கணக்கு வந்துவிடும். நம் ஊர் பண்டில் கடைகளுக்கு, அதாவது பழைய துணிக் கடைகளுக்கு, வரும் சரக்கில் பெரும்பகுதி ஜப்பானிலிருந்து வருகிறது. அங்கே எல் என்று போட்டிருப்பது அமெரிக்காவின் எம் அளவை ஒட்டியே இருக்கும். எந்த நாட்டுப் பட்டை என்று தெரியாமல் எண்ணை மட்டும் பார்ப்பதால் ஒரு பயனும் இல்லை. தெரிந்தாலும், பத்து இருபது ஆண்டுகள் இன்னொருவர் உடலில் உழைத்த தோல், கடையிலிருந்து வந்த நாளில் இருந்த அளவிலேயே இருக்கும் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது தவறு, தன் உடம்பை அளந்து அந்த எண்ணை விற்பவரின் எண்ணோடு ஒப்பிடுவது. உடம்பின் அளவும் ஆடையின் அளவும் ஒன்றல்ல. உங்களிடம் ஏற்கெனவே நன்றாகப் பொருந்தும் ஒரு ஜாக்கெட் இருக்குமானால், அது தோலாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஜிப்பை முழுவதும் மூடி மேசைமேல் சுருக்கமில்லாமல் பரப்பி அளவெடுங்கள்: ஓர் அக்குளிலிருந்து மற்ற அக்குள் வரை, ஒரு தோள்தையலிலிருந்து மற்றத் தோள்தையல் வரை, தோள்தையலிலிருந்து கைமுனை வரை, பின்கழுத்தில் காலருக்குக் கீழிருந்து அடிவிளிம்பு வரை. இந்த நான்கு எண்களையும் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொண்டால், இணையத்தில் எந்த ஜாக்கெட்டைப் பார்த்தாலும் ஒரு நிமிடத்தில் முடிவெடுக்கலாம். ஒப்பிடும்போது தோலின் தடிமனுக்கும் கொஞ்சம் இடம் விட வேண்டும். தோலும் உள்துணியும் சேர்ந்து 2 மில்லிமீட்டர் தடிமன் என்றால், வெளிச் சுற்றளவைவிட உள் சுற்றளவு ஒன்றேகால் சென்டிமீட்டர் குறையும். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்திருந்தால் இன்னும் குறையும்.

நம் ஊர் விற்பனையாளர்கள் பலர் "பிட் 21, லாபோ 27" என்று இரண்டே எண்களைப் போட்டு விட்டுவிடுகிறார்கள். பிட் என்பது அக்குளுக்கு அக்குள், லாபோ என்பது நீளம். இரண்டும் அங்குலக் கணக்கு. சட்டைக்கு இந்த இரண்டும் போதும், தோல் ஜாக்கெட்டுக்குப் போதாது. அதிலும் நீளத்தைச் சிலர் காலரின் உச்சியிலிருந்து அளக்கிறார்கள், சிலர் அதற்குக் கீழிருந்து அளக்கிறார்கள். காலர் உயரமாக இருந்தால் இரண்டுக்கும் இடையே இரண்டு அங்குலத்துக்கு மேல் வேறுபாடு வரும். பாஹு, லெங்கான், அதாவது தோளும் கையும் எத்தனை அங்குலம் என்று மலாயிலேயே கேளுங்கள்; அளவு நாடாவை ஜாக்கெட்டின்மேல் வைத்து எடுத்த படம் ஒன்றையும் கேளுங்கள். அந்தப் படத்தில் ஜிப் மூடியிருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். முன்புறம் குறுக்காக ஜிப் வைத்த மோட்டார் சைக்கிள் ஜாக்கெட்டுகளில் ஒரு பக்கம் மற்றதன்மேல் ஏறி வரும். அதைத் திறந்து வைத்து அளந்தால் மார்பு உள்ளதைவிட அகலமாகத் தெரியும்.

ஜப்பானிய விற்பனையாளரிடமிருந்து நேரடியாக வாங்குவோர் ஐந்து சொற்களைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கிதாகே என்பது முதுகு நீளம், மிஹாபா என்பது அக்குளுக்கு அக்குள், கதாஹாபா என்பது தோள் அகலம், சோதேதாகே என்பது தோள்தையலிலிருந்து கை நீளம். யுகிதாகே என்பதோ பின்கழுத்தின் நடுவிலிருந்து தோள் வழியாகக் கைமுனை வரை எடுத்த அளவு. தோள்தையல் இல்லாமல் கழுத்திலிருந்தே கை இறங்கும் ஜாக்கெட்டுகளுக்கு இந்தக் கடைசி அளவைத்தான் தருவார்கள். அதைக் கை நீளம் என்று எண்ணி, 80 சென்டிமீட்டரா என்று திகைத்து, நல்ல ஜாக்கெட்டைக் கைவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

"போடப் போட இளகிவிடும்" என்ற நம்பிக்கையில் இறுக்கமானதை வாங்குவது இன்னொரு தவறு. தோல் இளகும், ஆனால் முழங்கையிலும் முதுகிலும் மட்டுமே உடம்புக்கேற்ப வளையும். தோள்தையல் நகராது, கை நீளாது. சொல்லப்போனால், முழங்கை மடிப்புகள் ஆழமாகப் பதிந்த பழைய ஜாக்கெட்டின் கை, புதிதாக இருந்தபோது இருந்ததைவிடச் சற்றுக் குட்டையாகவே நிற்கும். எண்ணெய்ப் பசை வற்றிய பழைய தோலை இழுத்துப் போட்டால், இளகுவதற்கு முன் தையல் ஓரத்தில் கிழிந்துவிடும். பெரிதாக வாங்கி நனைத்து, வெந்நீரிலோ உலர்த்தும் இயந்திரத்திலோ போட்டுச் சுருக்கலாம் என்ற யோசனையைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். ஈரத் தோலில் சூடு பட்டால் அதன் புரத இழைகள் சுருண்டு விறைத்துவிடும். அதன்பின் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

குளிர்நாட்டில் எழுதப்பட்ட அளவுக் குறிப்புகளை நாம் அப்படியே எடுத்துக்கொள்வதும் சரியல்ல. அவர்கள் உள்ளே கம்பளிச் சட்டை போடுவதற்கென்று இடம் விடச் சொல்கிறார்கள். பினாங்கில் நாம் ஒரு டி-சட்டையின்மேல்தான் ஜாக்கெட் போடுகிறோம். கேமரன் மலைக்குப் போனாலும் மெல்லிய சட்டை ஒன்று கூடும், அவ்வளவுதான். தளர்வாக இருந்தால் வண்டி ஓட்டும்போது காற்றில் உப்பிப் படபடக்கும். டிசம்பரில் ஜப்பான் பயணத்துக்கென்று வாங்குபவர் மட்டும் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு தன் பழைய ஜாக்கெட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

நான் இப்போது எண்களுக்கு அடுத்தபடியாக நம்புவது படங்களில் தெரியும் மடிப்புகளைத்தான். கையில் எந்த இடத்தில் கோடுகள் நெருக்கமாக விழுந்திருக்கின்றனவோ, அங்கேதான் முந்தையவரின் முழங்கை இருந்தது. தோள்தையலிலிருந்து அந்த இடம் எவ்வளவு தூரம் என்று விற்பவரைக் கேட்டு, உங்கள் தோளிலிருந்து முழங்கை வரையுள்ள நீளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று நான்கு சென்டிமீட்டர் விலகியிருந்தால், மொத்தக் கை நீளம் சரியாக இருந்தாலும் அந்த மடிப்பு உங்கள் முன்கையிலோ மேற்கையிலோ உறுத்திக்கொண்டே இருக்கும். அக்குள் பக்கத்து உள்துணி கிழிந்திருந்தால், முந்தையவருக்கு அது சிறியதாக இருந்திருக்கக்கூடும். பட்டையில் உள்ள எண் உங்கள் எண்ணாகவே இருந்தாலும், அக்குள் அகலத்தை மறுபடி ஒருமுறை கேட்பது நல்லது.

பொட்டலம் வந்ததும், பொருள் கிடைத்துவிட்டது என்று செயலியில் உறுதி செய்வதற்கு முன், அணிந்து ஜிப்பை மேல்வரை மூடி, வண்டியில் உட்கார்ந்து இரு கைகளாலும் ஹேண்டிலைப் பிடியுங்கள். என் கையில் அளந்தபோது, நிற்கும் நிலைக்கும் ஓட்டும் நிலைக்கும் இடையே கைமுனை 4 சென்டிமீட்டர் மேலேறியது. மணிக்கட்டு எலும்பு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் ஒருவரை நிறுத்தி, முதுகின் கீழ்விளிம்பு இடைவாரை மறைக்கிறதா என்று கேளுங்கள். ஒட்டியிருக்கும் பட்டைகளையும் அட்டைகளையும் அதுவரை கழற்றாதீர்கள்.