விண்டரில் கறிவேப்பிலை: எல்.இ.டி. விளக்கின் கீழ் வளர்ப்பது எப்படி?

கோடை முழுவதும் பின்வளவில் தளதளவென்று நின்ற கறிவேப்பிலைக் கன்று, ஒக்டோபரில் வீட்டுக்குள் வந்ததும் இலையெல்லாம் கொட்டிக் குச்சியாகிவிடுகிறது. ரொறன்ரோவில் பல தமிழ் வீடுகளில் இதே கதைதான். குளிர்தான் காரணம் என்பார்கள். ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் அப்படி என்ன குளிர்? பெரும்பாலும் அது வெளிச்சப் பசி. டிசெம்பர் 21 அளவில் இங்கே பகல் ஒன்பது மணி நேரம்கூட இல்லை. ஜூனில் அதுவே பதினைந்தரை மணி நேரத்தை எட்டும்.

சரி, ஒரு விளக்கை வாங்கி மாட்டிவிடலாம் என்று கடைக்குப் போனால் அங்கே வேறு குழப்பம். செடி வளர்க்கும் விளக்குகளில் பலவும் கஞ்சாச் செடியை மனதில் வைத்தே விற்கப்படுகின்றன. கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல் அது சட்டபூர்வம். ஒன்ராறியோவில் ஒரு வீட்டில் நான்கு செடி வரை வளர்க்கலாம். அதனால் பெட்டியில் "முதலில் 18 மணி நேரம், பூக்கும் காலத்தில் 12 மணி நேரம்" என்று அட்டவணை போட்டிருப்பார்கள். இரவு நீண்டால் பூக்கும் செடிக்கான கணக்கு அது. நமக்கு வேண்டியது இலை மட்டும்தான். அந்த அட்டவணையை மறந்துவிடுங்கள். அவ்வளவு பெரிய விளக்கும் தேவையில்லை.

1. உள்ளே கொண்டுவருதல்

இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே போகத் தொடங்கும் முன்பே உள்ளே எடுங்கள். முதல் உறைபனி வரை காத்திருக்க வேண்டாம். எடுக்கும் முன் இலைகளின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சி நன்றாகக் கழுவுங்கள். பூச்சிகள் ஒளிந்திருப்பது அங்கேதான்.

2. விளக்கைத் தேர்ந்தெடுத்தல்

"1000 வாட்டுக்குச் சமம்" என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும். அதை நம்பாதீர்கள். பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் உண்மையான வாட்தான் கணக்கு. இரண்டடி உயரக் கன்று ஒன்றுக்கு உண்மையான 30 முதல் 50 வாட் போதும்.

நிறம் வெள்ளையாக இருக்கட்டும். ஊதா விளக்கிலும் செடி வளரும். இலைப்பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் அதிகம் உறிஞ்சும் என்பதால் அப்படிச் செய்தார்கள். ஆனால் பச்சை ஒளியும் வீணாவதில்லை, அது இலைக்குள் ஆழமாகப் போய் வேலை செய்கிறது. அதைவிட, ஊதா வெளிச்சத்தில் இலை மஞ்சளாகிறதா, பேன் பிடித்திருக்கிறதா என்று நம் கண்ணுக்குத் தெரியாது. வரவேற்பறையில் அந்த ஊதாவை ஆறு மாதம் யார் பார்த்துக்கொண்டிருப்பது?

சி.எஸ்.ஏ. போன்ற பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீர் ஊற்றும் இடத்தில் தினமும் பல மணி நேரம் எரியப்போகிற சாமான்.

3. உயரமும் அளவும்

அதிகம் பிழை விடுவது இங்கேதான். நம் கண் வெளிச்சத்துக்குத் தக்கபடி தன்னைச் சரிசெய்துகொள்வதால், "நல்ல வெளிச்சமாகத்தானே இருக்கிறது" என்று தோன்றும். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். இரவில் விளக்குப் போட்ட வரவேற்பறையில் பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். கறிவேப்பிலைக்கு வேண்டியது ஆயிரக்கணக்கில்.

கைபேசியில் இலவச லக்ஸ் மீட்டர் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். விளக்கை உச்சி இலையிலிருந்து ஓரடி உயரத்தில் மாட்டுங்கள். உச்சி இலை இருக்கும் இடத்தில் கைபேசியை வைத்து, முன்பக்கக் கமரா விளக்கைப் பார்க்கும்படி பிடியுங்கள். 12,000 முதல் 15,000 லக்ஸ் காட்டினால் சரி. குறைவாக இருந்தால் விளக்கைக் கொஞ்சம் இறக்குங்கள். கைபேசி துல்லியமான கருவியல்ல. ஆனால் 3,000 லக்ஸுக்கும் 13,000 லக்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தை அது காட்டிவிடும்.

கணக்கு விரும்புகிறவர்களுக்கு: வெள்ளை எல்.இ.டி.யில் ஏறக்குறைய 13,500 லக்ஸ் என்பது, ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு 200 மைக்ரோமோல் ஒளித்துகள்கள் (மோல் என்பது துகள்களை எண்ணும் அலகு, மைக்ரோமோல் அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). 14 மணி நேரம் எரிந்தால் ஒரு நாளுக்குச் சுமார் 10 மோல். வெயிலடிக்கும் கோடை நாளில் வெளியே 40 மோலுக்கு மேல் கிடைக்கும். கோடையைப் போலத் துளிர்க்காது. ஆனால் இலை நிற்கும், அவ்வப்போது புதுக்கொழுந்தும் வரும்.

செடி பக்கவாட்டில் பரந்திருந்தால் ஓரத்து இலைகளிலும் அளந்து பாருங்கள். நடுவில் இருப்பதில் பாதிகூட அங்கே இருக்காது. வாரம் ஒருமுறை சாடியைக் கால்வாசி திருப்பி வைத்தால் ஓரளவு சமமாகும்.

4. எத்தனை மணி நேரம்?

12 முதல் 14 மணி நேரம். ஒரு டைமரில் போட்டுவிடுங்கள், தினமும் போய் அணைக்க யாருக்கும் ஞாபகம் இருக்காது. 24 மணி நேரமும் எரியவிட வேண்டாம்.

40 வாட் விளக்கு 14 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 17 யூனிட் அளவில் ஆகும். யூனிட் 12 சதம் என்றால் இரண்டு டொலர். கடையில் ஒரு சின்னப் பை கறிவேப்பிலை என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். நேரத்துக்கு ஏற்ற கட்டணத் திட்டத்தில் இருப்பவர்கள், செடி யன்னலில்லாத பேஸ்மென்டில் இருந்தால், இரவு 7 முதல் காலை 7 வரை எரியவிடலாம். கட்டணம் குறைவு, செடிக்குப் பகலும் இரவும் மாறினால் ஒன்றுமில்லை.

5. வெளிச்சத்தோடு சூடும் வேண்டும்

விளக்கு மட்டும் இருந்து வேர் குளிர்ந்து கிடந்தால் பயனில்லை. இரவில் யன்னல் கண்ணாடியை ஒட்டிய இடம் அறையைவிட நன்றாகக் குளிர்ந்துவிடும். சாடியைக் கண்ணாடியிலிருந்து தள்ளி, தரையில் இல்லாமல் ஒரு முக்காலியில் வையுங்கள். 20 பாகைக்கு மேல் இருந்தால் நல்லது. அதே நேரம் ஹீட்டர் காற்று நேரே இலையில் அடிக்கக்கூடாது.

6. தண்ணீர்

மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகு, அடியால் வடியும் வரை ஊற்றுங்கள். தட்டில் நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். உரம் விண்டரில் மிகக் குறைவு. புதுக்கொழுந்து வந்தால் மட்டும்.

7. என்ன பார்க்க வேண்டும்?

உள்ளே வந்த முதல் சில வாரங்களில் கொஞ்சம் இலை கொட்டும், பயப்பட வேண்டாம். முழுவதும் கொட்டினாலும் தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. தண்டு நீண்டு இலைகள் விலகி வந்தால் வெளிச்சம் போதவில்லை. உச்சி இலைகள் மட்டும் வெளுத்தால் விளக்கு மிக அருகில் இருக்கிறது. நரம்பு பச்சையாக, இடைப்பகுதி மஞ்சளாக இளம் இலைகள் வந்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம்.

இலை முழுக்க ஊசிமுனைப் புள்ளிகளும் அடியில் மெல்லிய வலையும் தெரிந்தால் சிலந்திப்பேன். ஹீட்டரின் வறண்ட காற்றில் அது வேகமாகப் பெருகும். செடியைக் குளியலறைக்குத் தூக்கிப் போய் ஷவரில் இலையடியைக் கழுவுங்கள். சில நாள் இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். முட்டைகள் தப்பிவிடும் என்பதால் ஒருமுறை கழுவினால் போகாது.

8. திரும்ப வெளியே

மே மாத விக்டோரியா தின நீள்விடுமுறை தாண்டி, இரவுகள் 10 பாகைக்கு மேல் நின்ற பிறகு வெளியே எடுங்கள். நேரே வெயிலில் வைத்தால், விளக்கின் கீழ் வந்த இலைகள் இரண்டு நாளில் கருகும். முதல் வாரம் நிழல், அடுத்த வாரம் காலை வெயில் மட்டும், அப்புறம் முழு வெயில்.