செயலர் பறவையின் உதையைப் படம் பிடிப்பது எப்படி?

செரெங்கெட்டி, மசாய் மாரா, குரூகர் போன்ற ஆப்பிரிக்கக் காட்டுயிர்க் காப்பகங்கள் பக்கம் போகிறவர்கள் சிங்கத்துக்கே மெமரி கார்டைத் தீர்த்துவிடுகிறார்கள். புல்வெளியில் நடந்தே, இரையைக் காலால் உதைத்து வேட்டையாடும் செயலர் பறவைக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

1. நேரம்: இருட்டிலேயே கிளம்ப வேண்டாம். இரவில் முள்மர உச்சியில் அடையும் பறவை, வெளிச்சம் வந்து வெகுநேரம் கழித்துத்தான் தரையிறங்கும். பத்து மணிக்கு மேல் கானல் எழுந்துவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸானாலும் படம் நெளியும்.

2. இடம்: முழங்காலுக்குக் கீழே புல் உள்ள வெட்டவெளி. அண்மையில் தீப்பிடித்துக் கருகிய நிலம் இன்னும் நல்லது. பறவையின் அடையாளம்: உயரம் ஏறத்தாழ 1.2 மீட்டர், அரைக்கால் சட்டை போட்டது போலக் கறுத்த தொடை, பின்தலையில் கறுப்பு இறகுகள். முகம் ஆரஞ்சு நிறம்; இளம்பறவைக்கு மஞ்சள்.

3. வண்டியை நிறுத்துவது: பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். பின்னாலேயே ஊர்ந்தால் வால்தான் கிடைக்கும். பறவையும் எட்டி நடந்து விலகிவிடும். அது மணிக்குச் சுமார் 3 கி.மீ. நடக்கிறது. போகும் திசையைப் பார்த்து, சாலையிலேயே 150 மீட்டர் முந்திப் போய் நில்லுங்கள். மூன்று நிமிடம் கையில் இருக்கும். வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். இன்ஜினை அணையுங்கள், அதிர்வு படத்தைக் கெடுக்கும். வண்டிக்குள் டிரைபாட் வெறும் தொல்லை. ஜன்னல் விளிம்பில், லென்ஸைத் தாங்க ஒரு பீன்பேக் (மணிகள் நிரப்பிய சிறு பை) போதும்.

4. கேமரா: 400 மி.மீ. லென்ஸ், ஷட்டர் வேகம் 1/2000 நொடி அல்லது அதைவிட வேகமாக. ஃபோகஸை ஒற்றைப் புள்ளியில் வையுங்கள். அகலப் பரப்பில் விட்டால் முன்னால் நிற்கும் புல்லைப் பிடித்துக்கொள்ளும்.

5. உதை: வெட்டுக்கிளி என்றால் பெரும்பாலும் அலகாலேயே கொத்திவிடும். எலி, பல்லி, பாம்பு என்றால்தான் உதை. நடை சட்டென்று நிற்கும், கொண்டை இறகுகள் விரியும், இறக்கை பாதி திறக்கும். அப்போதே பர்ஸ்ட்டை (தொடர்ந்து படம் எடுக்கும் முறை) அழுத்திவிடுங்கள். கால் தூக்கியதைப் பார்த்து அழுத்தினால் முடிந்த கதை. 2016-இல் வெளியான ஆய்வு ஒன்றில் வளர்ப்புப் பறவையின் உதையை அளந்தார்கள்: விசை 195 நியூட்டன், கால் இலக்கைத் தொட்டிருந்தது வெறும் 15 மில்லிநொடி. நொடிக்கு 10 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 100 மில்லிநொடி இடைவெளி. உதை அதற்குள் நழுவிவிடும். நொடிக்கு 20 படமாவது வேண்டும், அதிலும் அதிர்ஷ்டம் கொஞ்சம் வேண்டும்.

பிற்சேர்க்கை: உங்கள் கேமராவில் ப்ரீ-கேப்சர் இருந்தால் இதற்குத்தான் அது. பட்டனை முழுதாக அழுத்துவதற்கு முந்தைய சில கணங்களும் பதிவாகும். பேட்டரி சீக்கிரம் இறங்கும்; இன்னொன்று கைவசம் இருக்கட்டும்.