சுற்றுகிற ஸ்டூல் வாங்க முதல் அளவுநாடாவை எடுங்கோ

எங்கள் பல்கனியில் மூன்று உயரமான மர ஸ்டூல்கள் நிற்கின்றன. ஒன்றில் துளசி, ஒன்றில் கற்றாழை, மற்றதில் காகத்துக்குச் சோறு வைக்கிற தட்டு. மூன்றும் குசினிக்கென்று வாங்கினவை. 30 வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவள் நான். அளக்காமல் வாங்கினேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளட்டில் பான்ட்ரி கபட் அடித்தபோது குசினிக்கும் ஹோலுக்கும் நடுவில் ஒரு கவுண்டர் வைத்தோம். தரையிலிருந்து கிரனைட்டின் மேல்மட்டம் 36 அங்குலம். வீடுகளில் பெரும்பாலும் இந்த உயரம்தான். இதற்கு ஸ்டூலின் இருக்கை 24 முதல் 26 அங்குலத்துக்குள் இருக்க வேணும். நான் ஒன்லைனில் படத்தைப் பார்த்து எடுத்தது 30 அங்குலம். அது 42 அங்குல பார் மேசைக்கு உரியது. ஏறி இருந்தால் தொடை கிரனைட்டின் அடியில் இறுகிக்கொண்டது. "பெட்டியை உடைச்சிட்டீங்கள், திருப்பி எடுக்க ஏலாது" என்று கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

விளம்பரத்தில் 'உயரம்' என்று போட்டிருப்பது முதுகுச் சாய்வின் நுனி வரைக்கும் இருக்கலாம். ஆகவே இருக்கிற பலகை தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று கேளுங்கோ. அதற்கும் கவுண்டரின் அடிப்பக்கத்துக்கும் நடுவில் 10 முதல் 12 அங்குலம் கிடைக்க வேணும். கிரனைட்டுக்குக் கீழே பலகை போட்டிருந்தால் அந்தப் பலகையின் அடியிலிருந்து அளவுங்கோ. முழங்கால் நுழைய கவுண்டர் ஓர் அடியாவது வெளியே நீட்டிக்கொண்டு இருந்தால்தான் வசதி.

அடுத்தது எத்தனை ஸ்டூல் என்பது. கவுண்டரின் நீளம் 74 அங்குலம். என் கணவர் நாலு கொள்ளும் என்றார். 17 அங்குல அகலம், நாலு வைத்தால் 68, மிச்சம் 6, சரிதானே என்பது இவருடைய கணக்கு. நிற்கிற கதிரைக்கு அது ஓரளவு சரி. சுற்றுகிற கதிரைக்குப் பிழை. 17 அங்குலச் சதுர இருக்கை சுற்றும்போது அதன் மூலைகள் வரைகிற வட்டத்தின் விட்டம், சதுரத்தின் மூலைவிட்டம். பைதகரஸ் போட்டால் 24 அங்குலம். ஒவ்வொரு ஸ்டூலுக்கும் அந்த 24 வேணும். 74ஐ மூன்றால் பிரித்தால் 24½க்குக் கொஞ்சம் மேலே வருகிறது, ஒன்றோடு ஒன்று முட்டாது. நாலு வைத்தால் ஒருவர் திரும்ப மற்றவரின் சாய்வில் இடிக்கும். வட்ட இருக்கை எடுத்தால் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் எங்கள் மாமிக்கு முதுகுச் சாய்வு இல்லாமல் சரிவராது. மூன்றோடு நிறுத்தினோம்.

இரண்டாம் முறை ஒன்லைன் பக்கமே போகவில்லை. வெள்ளவத்தை ஸ்டேஷனில் கரையோரக் கோச்சியில் ஏறினால் தெகிவளை, கல்கிசை, இரத்மலானை தாண்டி மொரட்டுவை. மரத் தளபாடத்துக்குப் பேர்போன ஊர் அது. காட்டின மாதிரியைச் செய்து தருகிற தச்சுப் பாஸ்மாரும் இருக்கிறார்கள், பெட்டியில் போட்டுத் தருகிற கடைகளும் இருக்கின்றன. தேக்கும் மஹோகனியும் நல்ல மரம். ஆனால் பாரம், விலையும் கூட. பெட்டியில் வருகிற ஸ்டூல்கள் அனேகமாக றப்பர் மரம். 25, 30 வருஷம் பால் எடுத்து முடிந்த மரத்தைத் தறித்துச் செய்வது. குறைவான மரம் இல்லை, வெளிர் நிறம், பாரமும் அளவு. ஆனால் பூஞ்சணமும் வண்டும் லேசில் பிடிக்கும் என்பதால் போரன் மருந்து ஏற்றிப் பதப்படுத்தியிருக்க வேணும். கால்களின் உள்பக்கத்தில் ஊசித்துளையும் மாப்பொடியும் தெரிந்தால் அந்த ஸ்டூலை வைத்துவிட்டு வாங்கோ.

சுற்றுகிற ஸ்டூலை வாங்கும்போது மரத்தைவிடக் கூடுதலாக நான் பார்க்கச் சொல்வது இருக்கைக்கு அடியில் கிடக்கிற பெயாரிங் தகட்டை. கடையிலேயே ஸ்டூலைக் கவிழ்த்துப் பாருங்கோ. இரண்டு சதுரத் தகடு, நடுவில் வளையமாக இரும்புக் குண்டுகள். நீங்கள் இருக்கிற பாரம் முழுக்க இதில்தான் இறங்குகிறது. இருக்கையின் விளிம்பைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டிப் பாருங்கோ. மெல்லிய அசைவு இருக்கலாம், 'டக் டக்' என்று அடிக்கக் கூடாது. பிறகு ஏறி இருந்து ஒரு முழுச்சுற்றுச் சுற்றுங்கோ. மணல் அரைக்கிற மாதிரிக் கரகரத்தால் வேண்டாம். மொரட்டுவையில் ஒரு பாஸ் என்னிடம் சொன்னது: "டீச்சர், மரம் நிக்கும், தகடுதான் முதல்ல போகும்." கடலோர மெரைன் டிரைவ் பக்கம் குடியிருக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எங்கள் ஜன்னல் கிறிலே இரண்டு வருஷத்தில் துருப்பிடித்தது. துத்தநாகம் பூசிய தகடாவது கேளுங்கோ, ஸ்டெயின்லெஸ் கிடைத்தால் விடாதீங்கோ. காந்தம் வைத்துச் சோதிக்கிறதை நம்ப வேண்டாம், சில வகை ஸ்டெயின்லெஸ்ஸும் காந்தத்தில் ஒட்டும். தகடு மட்டும் பழுதானால் ஸ்டூலை எறியத் தேவையில்லை. பழைய சோனகத் தெருப் பக்கத்து ஹார்ட்வெயார் கடைகளில் அளவைச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம்.

பூட்டுகிற வேலையை ஒரு போயா (பௌர்ணமி) லீவு நாளில் வைத்துக்கொண்டோம். தரையில் பாயை விரித்து, திருகாணிகளைச் சாசர்களில் பிரித்து வைத்து, கடதாசியில் உள்ள எண்ணிக்கை சரியா என்று மாமி எண்ணினா. (ஒன்று குறைந்தது. பெட்டியின் மடிப்புக்குள் கிடந்தது. எறிய முதல் பெட்டியைக் குலுக்குங்கோ.)

சட்டத்தைக் கவிழ்த்து வைத்துக் கால்களையும் கால் வைக்கிற குறுக்குக் கட்டையையும் பொருத்துங்கோ. இங்கேதான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். முதல் ஆணியையே இறுக்கினால் நாலாவது ஆணி துளைக்கு நேராக வராது. எல்லா ஆணியையும் முக்கால்வாசி மட்டும் திருகி, நிமிர்த்தி, மட்டமான டைல்ஸில் வைத்து, மேலிருந்து இரண்டு கையாலும் அமத்திக்கொண்டு மூலைக்கு மூலை மாறி மாறி இறுக்குங்கோ. மரக்குச்சி செருகுகிற மூட்டு இருந்தால் துளைக்குள் மரப்பசை விடுங்கோ, வழிந்ததை ஈரத்துணியால் உடனே துடையுங்கோ. காய்ந்தால் வெள்ளைக் கறை போகாது. ட்ரில் மெஷின் வேண்டாம், அலன் கீயும் (ஆறுமூலைத் திறப்பு) கையும் போதும். தம்பி மெஷினைக் கொண்டுவந்து ஒரு துளையின் மரையைத் தின்னக் கொடுத்தான்.

பெயாரிங் தகட்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நேராக வைத்தால் மேல்தகடு கீழ்த்தகட்டின் துளைகளை மறைத்துவிடும். மேல்தகட்டை 45 பாகை திருப்புங்கோ. கீழ்த்தகட்டின் நாலு மூலையும் வெளியே வரும். அதைச் சட்டத்தில் முடுக்குங்கோ. பிறகு இருக்கையைப் பாயில் கவிழ்த்து, சட்டத்தைத் தலைகீழாக அதன்மேல் வைத்து, நடுவை அளந்து பென்சிலால் குறித்து, மேல்தகட்டின் மூலைகளை முடுக்குங்கோ. துளையில்லாத மரம் என்றால் ஆணியைவிட மெல்லிய துளை முதலில் போடுங்கோ, ஆணி நுனியில் சவர்க்காரம் தடவினால் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

ஆணியின் நீளத்தை அளக்காமல் போடாதீங்கோ. எங்கள் இருக்கைப் பலகை 1 அங்குலத் தடிப்பு. வீட்டில் கிடந்த 1¼ அங்குல ஆணியை இவர் போட்டார். அதன் நுனி இருக்கையின் நடுவில் எட்டிப் பார்த்தது. நல்லகாலம், இருந்து பார்க்க முதல் நான் கையால் தடவிப் பார்த்தேன். 1 அங்குலப் பலகைக்கு ¾ அங்குல ஆணி போதும்.

கால்களுக்கு அடியில் ஃபெல்ட் வட்டம் ஒட்டினால் கீழ் ஃப்ளட்காரர் வந்து மணி அடிக்க மாட்டார்.

வயதானவர்கள் ஏறும்போது இருக்கை வழுக்கித் திரும்பும். மாமி முதல் நாள் பயந்துபோய், "பிள்ளை, இது ராட்டினமோ?" என்றா. இருக்கையை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்து, ஒரு கையால் கவுண்டரைப் பிடித்து, பின்பக்கத்தை முதலில் வைத்துவிட்டுத்தான் கால்களைக் குறுக்குக் கட்டைக்கு எடுக்க வேணும். கட்டையில் ஏறி நின்றால் ஸ்டூல் சரியும். இப்போது மாமி முருங்கை இலை உருவுகிறபோது கவுண்டருக்குத் திரும்புகிறா, நாடகம் சூடு பிடித்தால் டீவிக்குத் திரும்புகிறா.

இரண்டு கிழமை கழித்து எல்லா ஆணியையும் மறுபடி இறுக்குங்கோ, மரம் இருந்து இருந்து கொஞ்சம் இளகும். கிறீச் என்றால் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. தேங்காயெண்ணெய் விட்டால் பிசுபிசுத்துத் தூசியையும் எறும்பையும் கூப்பிடும். அலன் கீயை நூலில் கட்டி பான்ட்ரி கபட் கதவின் உள்பக்கம் தொங்க விட்டிருக்கிறேன், தேங்காய் திருவலைக்குப் பக்கத்தில்.