எல்ஓ கைக்கு வரட்டும், அப்புறம் அடுப்பைப் பற்றவையுங்கள்

போன வாரம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மூன்று பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். மூவரும் தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்து, தோட்டம் கைமாறியதும் டவுனுக்கு வந்தவர்கள். ஓர் அரசாங்க அலுவலகத்துக்கு 80 பொட்டலம் சாப்பாடு கொடுத்துவிட்டார்களாம். "எழுத்தில் ஆர்டர், எல்ஓ, எங்கே?" என்றேன். "ஆபிசர் போனில் சொன்னாரே அக்கா" என்றார் ஒருவர். எனக்கு வயிறு எரிந்தது. நான் செய்த அதே தவறு.

எஸ்எஸ்எம் (நிறுவன ஆணையம்) பதிவு, வங்கிக் கணக்கு போன்றவற்றைக் கவுன்டரிலேயே சொல்லித் தருவார்கள். அரசாங்கத்துக்குச் சாப்பாடும் சாமானும் கொடுக்கும்போது நாம் செய்யும் மற்ற தவறுகளை இங்கே பார்ப்போம்.

எல்ஓ இல்லாமல் வேலையைத் தொடங்குவது

எல்ஓ (லோக்கல் ஆர்டர்) என்பது அரசாங்கம் எழுத்தில் தரும் ஆர்டர். வாய்ச்சொல்லை நம்பி, மூன்று நாள் பயிற்சிக்குத் தினம் 120 பேருக்குச் சமைத்தேன். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பேற்றுவோம். கோழியும் அரிசியும் கடையில் கடன். பயிற்சி முடிந்ததும் ஆர்டர் சொன்ன அதிகாரி மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர், எல்ஓ நம்பர் இல்லை என்று பில்லைத் திருப்பிவிட்டார். முறையான பில் வந்த 14 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. என் பில் முறையானதே இல்லை என்றால் அந்த 14 நாள் எங்கிருந்து தொடங்கும்?

எட்டு மாதம் அலைந்தேன். தாலிக்கொடி அடகுக்கடையில் இருந்தது. என்னோடு சமைத்த தனித்து வாழும் தாய் ஒருவருக்குக் கூலியைத் துண்டுதுண்டாகத்தான் கொடுக்க முடிந்தது. அவர் அதற்கப்புறம் இந்தப் பக்கமே வரவில்லை. பணம் பிறகு வந்தது, அவர் வரவில்லை. இன்றைக்கும் ஆறாதது அதுதான்.

"அவசரம், பேப்பர் பின்னால் வரும்" என்றால், "எல்ஓ வந்த உடனே செய்கிறேன் சார்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். வந்ததும் பெயர், அளவு, தொகை மூன்றையும் சரிபாருங்கள். சாமான் இறக்கும்போது டெலிவரி ஆர்டரில் (சாமானை ஒப்படைத்ததற்கான தாளில்) கையெழுத்தும் முத்திரையும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

அதிகாரிகளுக்கும் ஒன்று: கடன் வாங்கிச் சமைப்பவருக்கு ஒரு மாதத் தாமதமே கடையை மூட வைத்துவிடும். சிறு வியாபாரிகளுக்கு வாய்ப்புக் கொடுப்பது என்றால் பேப்பரை நேரத்தோடு கொடுப்பதும் அதில் சேர்த்திதான்.

உங்கள் கூலியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது

கேஸ், பெட்ரோல், பொட்டலத்தாள் எல்லாம் எழுதுகிறார்கள், தங்கள் உழைப்பை மட்டும் எழுதுவதில்லை. எழுதுங்கள்.

உங்கள் நிதி அமைச்சுப் பதிவை இன்னொருவருக்கு இரவல் கொடுப்பது

வேண்டவே வேண்டாம்.

ஆர்டரைப் பிரிக்கச் சொல்வது

கொட்டேஷன் (விலைப்புள்ளி), டெண்டர் இல்லாமல் அலுவலகம் நேராக வாங்கும் நேரடிக் கொள்முதலின் உச்சவரம்பு 50,000 ரிங்கிட். நம்மைப் போன்றவர்கள் நுழையும் வாசல் அதுதான். ஆனால் பெரிய ஆர்டரை அந்த வரம்புக்குள் அடங்கும்படி உடைப்பது விதிமீறல். அதிகாரியிடம் கேட்டு அவரையும் மாட்டிவிடாதீர்கள்.

குறியீட்டைக் கவனிக்காதது

நிதி அமைச்சின் பதிவு மூன்று வருடத்துக்குச் செல்லும். எந்தத் தொழில் குறியீட்டில் பதிந்தீர்களோ அதில்தான் கொட்டேஷன் போட முடியும். வந்த மூவரில் ஒருவர் நன்றாகத் தைப்பார். அவர் பதிவைத் திறந்து பார்த்தேன், உணவுக் குறியீடு மட்டும்தான் இருந்தது. சீருடைக்கான கொட்டேஷன் முந்தின நாளே மூடியிருந்தது.