எக்ஸ்பாத்: பக்கத்து மூதாதையைக் கேட்டால் தூரத்து மூதாதை வருவது ஏன்?

எக்ஸ்எம்எல் கோப்பில் வேண்டிய பகுதியைத் தேடி எடுக்கும் மொழி எக்ஸ்பாத். அதில் ஒரு டேகைச் சுற்றியிருக்கும் வெளி டேகுகள்தான் அதன் மூதாதைகள், அதாவது ஆன்செஸ்டர். ஒரு கோப்பில் 'பிரிவு' டேகுக்குள் இன்னொரு 'பிரிவு', அதற்குள் ஒரு 'பத்தி'. வெளிப் பிரிவின் எண் 2, உள்ளே இருப்பதன் எண் 2.3. (டேகுக்குத் தமிழ்ப் பெயர் வைக்க எக்ஸ்எம்எல் தாராளமாக விடும்.) பத்தியில் நின்றுகொண்டு, அதற்கு மிக அருகில் உள்ள பிரிவை எடுக்க வேண்டும். எழுத வேண்டியது இவ்வளவுதான்:

ஆன்செஸ்டர்::பிரிவு[1]

விடை 2.3. இந்த ஆக்சிஸ் (தேடும் திசை) கீழிருந்து மேலே எண்ணும். ஆகவே 1 என்றால் பக்கத்தில் இருப்பது. கோப்பை மேலிருந்து படித்துப் பழகியவர்கள் 'கடைசியில் வருவதுதானே கிட்டத்தில் இருக்கும்' என்று லாஸ்ட்() போடுவார்கள். 2 வந்து நிற்கும்.

இதைவிட மோசமாக ஏமாற்றுவது அடைப்புக்குறி. (ஆன்செஸ்டர்::பிரிவு)[1] என்று எழுதினாலும் விடை 2தான். குறிக்குள் போட்டதும் கீழிருந்து எண்ணுவது போய், ஆவண வரிசைப்படி, அதாவது கோப்பில் மேலிருந்து கீழாக எண்ணும். எர்ரர் எதுவும் வராது. டெஸ்ட் கோப்பில் ஒரே ஒரு அடுக்குப் பிரிவு இருந்தால் இரண்டு வரிகளுக்கும் ஒரே விடை கிடைத்து, தவறு அப்படியே லைவுக்குப் போய்விடும். டெஸ்ட் கோப்பில் பிரிவுக்குள் பிரிவு கட்டாயம் இருக்கட்டும்.

இதே வரிசைச் சிக்கல் எக்ஸ்பாத்துக்கு வெளியிலும் உண்டு. பைத்தானின் எல்எக்ஸ்எம்எல் லைப்ரரியில் [1] போடாமல் தேடி, வந்த லிஸ்டின் முதல் உறுப்பை எடுத்தால் வெளிப் பிரிவுதான் கையில் இருக்கும். எக்ஸ்எம்எல்லை வேறு வடிவத்துக்கு மாற்றும் எக்ஸ்எஸ்எல்டி 1.0இல், மதிப்பை எழுதும் வேல்யூ-ஆஃபிடம் பிரிவுகளின் எண்ணைக் கேட்டாலும் அப்படியே, 2.0இலோ '2 2.3' என்று இரண்டும் சேர்ந்து வரும். பைத்தானோடு கூடவே வரும் எலிமென்ட்ட்ரீ லைப்ரரியில் இந்த ஆக்சிஸே கிடையாது, அங்கே மெனக்கெட வேண்டாம்.

நிபந்தனைகளை எந்த வரிசையில் போடுகிறோம் என்பதும் முக்கியம். ஆன்செஸ்டர்::பிரிவு[@எண்][1] என்றால், எண் உள்ள பிரிவுகளில் அருகில் இருப்பது (@ என்பது டேகின் பண்பைக் குறிக்கும்). [1][@எண்] என்று மாற்றினால், அருகில் இருப்பதை முதலில் எடுத்துவிட்டு அதற்கு எண் இருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் வெறுங்கைதான்.

இதேபோல் மேல்நோக்கித் தேடும் ஜாவாஸ்கிரிப்டின் குளோசெஸ்ட்() பழகியவர்களுக்கு ஒன்று: அது நிற்கும் நோடையும் சேர்த்துப் பார்க்கும், ஆன்செஸ்டர் பார்க்காது. அது வேண்டுமென்றால் ஆன்செஸ்டர்-ஆர்-செல்ஃப்.

எல்லாம் சரியாக எழுதியும் ஒன்றுமே வரவில்லையா? கோப்பின் தலையில் டீஃபால்ட் நேம்ஸ்பேஸ் (டேகுப் பெயர்கள் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை என்று சொல்லும் xmlns) இருக்கிறதா பாருங்கள். எக்ஸ்பாத் 1.0இல் வெறும் பெயர் அதைத் தொடாது. அந்த நேம்ஸ்பேஸுக்கு ஒரு ப்ரீஃபிக்ஸை (சுருக்கப் பெயரை) பதிவு செய்து, பெயருக்கு முன்னால் சேர்த்தே கேட்க வேண்டும்.