பென்சைல் ஈதர் பாதியில் நின்றபோது

இரண்டாம் நிலை ஆல்கஹால் (ஓஎச் தாங்கும் கார்பனோடு இரண்டு கார்பன்கள் சேர்ந்தது) ஒன்றை பென்சைல் ஈதராக மாற்ற வேண்டியிருந்தது. வேதியியலாளர் வில்லியம்சன் 1850-இல் காட்டிய அதே வழிதான்: ஆல்கஹாலின் ஹைட்ரஜனைக் காரத்தால் நீக்கி ஆல்காக்சைடாக்கி, அதை ஹாலைடோடு சேர்ப்பது. கரைப்பானாக உலர்ந்த டிஎச்எஃப் (டெட்ராஹைட்ரோஃபியூரான்), 0 டிகிரி, காரமாக சோடியம் ஹைட்ரைடு. ஹைட்ரஜன் குமிழ்கள் அடங்கியதும் பென்சைல் புரோமைடு. மறுநாள் காலையிலும், வினை எவ்வளவு நடந்தது என்று காட்டும் டிஎல்சி தகட்டில் ஆல்கஹால் புள்ளி அழுத்தமாகவே நின்றது.

எதிர்ப்பக்கமிருந்து, அதாவது பென்சைல் ஆல்கஹாலை ஆல்காக்சைடாக்கி இரண்டாம் நிலை ஹாலைடோடு சேர்த்துப் போகலாமே என்று தோன்றும். வேண்டாம். ஹாலைடு இரண்டாம் நிலை கார்பனில் இருந்தால் ஆல்காக்சைடு காரமாக வேலை செய்து பக்கத்து ஹைட்ரஜனைப் பிடுங்கும். கிடைப்பது பெரும்பாலும் ஆல்கீன்தான். பென்சைலில் பிடுங்குவதற்கு அந்தப் பக்கத்து (பீட்டா) ஹைட்ரஜனே கிடையாது. டிஎம்எஃப் (டைமெத்தில்ஃபார்மமைடு) கரைப்பானுக்கு மாறினால் வேகம் கூடும், ஆனால் சோடியம் ஹைட்ரைடோடு சேர்ந்து அது சூடேறிக் கைமீறிப் போகக்கூடிய கூட்டணி. எனக்கு அந்த வம்பு வேண்டாம்.

கைகொடுத்தது டெட்ராபியூட்டைல் அம்மோனியம் அயோடைடு, 10 மோல் சதவீதம். அயோடைடு புரோமைடை வெளியேற்றி பென்சைல் அயோடைடு உண்டாக்கும். அதை ஆல்காக்சைடு சட்டென்று தாக்கும். விடுபட்ட அயோடைடு மறுபடி சுற்றுக்கு வரும். சாயங்காலத்துக்குள் புள்ளி மறைந்துவிட்டது.

அப்புறம், குளிரவைத்து மெத்தனாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு மிச்ச ஹைட்ரைடை அடக்கினேன். மீந்த பென்சைல் புரோமைடு கண்ணைக் கரிக்கும் சாமான். கொஞ்சம் ட்ரைஎத்தில் அமீன் சேர்த்துக் கலக்கினால் உப்பாகி நீரோடு போய்விடும்.