சொல் ஒன்றுதான், மணம் வேறு

கேரள எல்லையில், பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வாளையார்ப் பக்கம் வளர்ந்த தமிழர்களுக்கு மலையாளம் தானாகவே வாயில் வந்துவிடும். பாதிச் சொல் நம்முடையதுதானே என்று தைரியமாகப் பேசுவோம். சறுக்குவதும் அந்தத் தைரியத்தில்தான். சொல் ஒன்றாக இருந்தாலும், அதோடு ஒட்டிக்கொண்டு வரும் மரியாதையும் கூச்சமும் வலியும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதில்லை.

பொருளே மாறிப்போகும் சொற்களால் பெரிய கேடு இல்லை. அங்கே வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர், பனி என்றால் காய்ச்சல், அவசரம் என்றால் வாய்ப்பு. இரண்டு நாளில் பழகிவிடும். 'விஷமம்' மட்டும் கவனம். நமக்கு அது குறும்பு, அவர்களுக்கு மனவருத்தம். சின்ன வயதில் ஒரு துக்க வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தது இன்னும் நினைவிருக்கிறது.

அதிகம் பேர் செய்யும் தவறு 'நிங்ஙள்'. தமிழில் 'நீங்கள்' என்றாலே மரியாதை வந்துவிடுகிறது. அதே நினைப்பில் ஒரு பெரியவரையோ அதிகாரியையோ 'நிங்ஙள்' என்று அழைக்கிறோம். மலையாளத்தில் அது முதலில் பன்மைச் சொல். வடக்கே மலபாரில் அதையே 'இங்ஙள்' என்பார்கள், அது மரியாதையாகவே ஒலிக்கும். தெற்கே திருவனந்தபுரம் பக்கம் போய் மூத்தவரிடம் 'நிங்ஙள்' என்றால், எட்ட நிறுத்திப் பேசுவதுபோல் ஆகிவிடும், சில சமயம் சண்டைக்கு இழுப்பதுபோலவும். அப்புறம் எப்படித்தான் கூப்பிடுவது? முன்னிலைச் சொல்லையே விட்டுவிடுங்கள். 'சேச்சி (அக்கா) கழிச்சோ?', 'சார் எப்போ வந்நு?' என்று உறவையோ பதவியையோ வைத்தே கேட்கலாம், அவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். 'கழிச்சோ' என்பது சாப்பிட்டாச்சா என்ற அன்பான விசாரிப்பு. நமக்குக் கழிப்பறை நினைவு வருகிறது என்பதற்காக முகம் சுளிக்காதீர்கள்.

இன்னொரு தவறு, வேர் காட்டி நியாயம் சொல்வது. 'பாண்டி' நமக்கு ஒரு நாட்டின் பெயர், பிள்ளைகளுக்கு ஆசையாக வைக்கும் பெயர். கேரளத்தில் தமிழரைப் பார்த்து அதைச் சொல்லும்போது பெரும்பாலும் இளக்காரம் கலந்திருக்கும். பள்ளியில் அந்தச் சொல்லைக் கேட்டு அழுதுகொண்டு வரும் குழந்தையிடம், "பாண்டிய நாடு என்றுதானே சொன்னான், அதில் என்ன தப்பு?" என்று கேட்காதீர்கள். எந்தக் குரலில், யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்பதில்தான் அந்தச் சொல்லின் பொருள் இருக்கிறது. திருநெல்வேலியில் கைகட்டிக் கூப்பிடும் 'அண்ணாச்சி'க்கும் அங்கே இதே கதிதான். எந்த ஊர்த் தமிழர் என்றுகூடப் பார்க்காமல் எல்லோரையும் அப்படி அழைக்கும்போது அதில் மரியாதை எங்கே இருக்கும்?

சரி, நம் பக்கம்? 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தன, ஆனால் வேலைக்கும் படிப்புக்கும் வாளையாரைத் தாண்டுவது இரு பக்கமும் நிற்கவில்லை. கோயம்புத்தூர் வரும் மலையாளிப் பையனை "என்னா சேட்டா" என்று இழுத்து இழுத்துக் கூப்பிடுகிறோம், சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். அவன் வீட்டில் அந்தச் சொல்லால் கூப்பிடுவது தன் சொந்த அண்ணனை.